தொட்டில் காத்திருக்கட்டும்

சென்ற ஆடி மாதம் கோயமுத்தூர் வடவள்ளியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் நின்றால் மருதமலை தெரிகிற வீடு. உள்ளே நுழைந்ததும் ஒரு செம்பு சிறுவாணித் தண்ணீர் வந்தது. கொங்கு நாட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டு, பிறகுதானே வந்த காரியத்தைக் கேட்பார்கள்?

தண்ணீர் குடிக்க அண்ணாந்தபோதுதான் அதைப் பார்த்தேன். கூடத்துக் கூரையில் ஓர் இரும்புக் கொக்கி. தூளி கட்டுவதற்கென்று, வீடு கட்டும்போதே கொத்தனார் பதித்துவிட்டுப் போனது. அந்த வீட்டுத் தம்பதிக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம். கொக்கியில் தூளி ஏறவே இல்லை.

வீட்டு அம்மாளுக்கு முப்பத்தாறு வயது இருக்கும். சற்று நேரம் ஊர்க்கதை பேசினார். மாமியார் பின்கட்டுக்குப் போனதும் குரலைத் தாழ்த்திக் கொண்டு கேட்டார்:

“ஏனுங்க, நீங்க பத்திரிகையில இருக்கறவங்க. நாலு விஷயம் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சவங்க ஒருத்தர் மூலமா ஒரு கொழந்தை இருக்குதுங்களாம். பொறந்து ஒம்பது நாள். ஆஸ்பத்திரிச் செலவுன்னு ஒரு தொகை கேக்கறாங்க. பொறப்புச் சர்ட்டிபிகேட்டே எங்க பேருல வாங்கித் தந்தர்றாங்களாம். வாங்கிக்கலாமுங்களா?”

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். அவர் கேட்டது சட்ட விளக்கமா? இல்லை. பதினொரு வருஷத்து ஏக்கத்துக்கு ஒரு வழி கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து “வேண்டாம்” என்று சொல்வது எளிதான காரியமல்ல. ஆனாலும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, இந்தக் கேள்வி என்றைக்காவது எழாமல் இராது.

விலை பேசிய குரல்

நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தின் பெயர் 2019 ஏப்ரலில் பத்திரிகைகளில் அடிபட்டதே, நினைவிருக்கிறதா? ராசிபுரம் என்றால் நெய்யையும் பட்டையும் சொல்வோம். அந்த மாதம் வேறொரு வியாபாரம் வெளியே வந்தது. குழந்தை வேண்டும் என்று கேட்ட ஒருவரிடம் ஒரு பெண்மணி தொலைபேசியில் பேசிய பேச்சுப் பதிவு ஊரெல்லாம் பரவியது. ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, நிறத்துக்குத் தகுந்தாற்போல் இன்னொரு விலை. பேசியவர் ஓய்வு பெற்ற செவிலியர் உதவியாளர் என்று தெரிந்தது. அவரும் வேறு சிலரும் கைதானார்கள்; வழக்கு சி.பி.சி.ஐ.டி. போலீஸாரிடம் போயிற்று. கொல்லிமலைப் பக்கத்துப் பிறப்புப் பதிவேடுகளையெல்லாம் அதிகாரிகள் புரட்டிப் பார்க்க வேண்டி வந்தது.

இதில் நாம் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் குழந்தைகளை வாங்கியவர்கள் எல்லாரும் கொடியவர்களா? இருக்க முடியாது. வடவள்ளி அம்மாளைப் போல ஏங்கித் தவித்தவர்கள்தான் பெரும்பாலோர் இருந்திருப்பார்கள். ஆனால் பொய்யான பிறப்புச் சான்றிதழோடு வருகிற குழந்தைக்கு அஸ்திவாரமே பொய். பெற்றவள் மனமறிந்து கொடுத்தாளா, ஏமாற்றிப் பறித்தார்களா, திருடிக் கொண்டு வந்தார்களா என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. குழந்தைக்கு அம்மா என்று கூப்பிடத் தெரிந்த பிறகு ஒரு நாள் வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றால்? அந்தக் குழந்தைக்கு இரண்டாவது தடவையும் வீடு போய்விடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. சென்னையில் ஏழைகளின் குழந்தைகள் கடத்தப்பட்டு, “அநாதைகள்” என்ற பெயரில் ஒரு நிறுவனத்தின் மூலம் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட செய்தி 2005இல் வெளியாயிற்று. மகனைப் பறிகொடுத்த ஒரு குடிசைவாசித் தம்பதி நெதர்லாந்து நீதிமன்றம் வரை போனார்கள். அங்கே அந்தப் பையனை வளர்த்தவர்களும் மனமறிந்து தப்புச் செய்தவர்கள் அல்ல. இரண்டு தாய்மார்கள், ஒரு பிள்ளை. குறுக்கு வழியில் போனால் கதை இப்படித்தான் முடிகிறது.

சட்டமும் சும்மா இல்லை. 2015ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டப்படி, முறை தவறிக் குழந்தையைத் தத்துக் கொடுத்தாலோ எடுத்தாலோ மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குழந்தையை விற்பதும் வாங்குவதும் அதைவிடப் பெரிய குற்றம்: ஐந்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்ச ரூபாய் அபராதம். ஆஸ்பத்திரி ஊழியரே அதைச் செய்தால் மூன்று முதல் ஏழு வருஷம் வரை.

சேலத்துத் தொட்டில்

பெற்ற குழந்தையைக் கைவிடுகிறவளைப் பற்றியும் பேச வேண்டும். “கல்நெஞ்சுக்காரி” என்று ஒரு வார்த்தையில் முடித்து விடுகிறோம். அவள் எப்படிப்பட்ட இரவுகளைக் கடந்து அந்த முடிவுக்கு வந்தாள் என்று நமக்குத் தெரியுமா?

சேலம், தர்மபுரி, உசிலம்பட்டிப் பக்கங்களில் பெண் சிசுக்களைப் பிறந்த வீட்டிலேயே கொன்றுவிடும் கொடுமை நடந்த காலம் ஒன்று இருந்தது. வெகு காலத்துக்கு முந்திய சங்கதி அல்ல. 1990ஐ ஒட்டிய வருஷங்கள். சீர், நகை, கல்யாணச் செலவு என்று பெண் பிறந்த அன்றே கணக்குப் பார்த்ததன் பலன் அது. 1992ஆம் வருஷம் ஜெயலலிதா அவர்களின் அரசு சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. “வளர்க்க முடியாவிட்டால் கொல்லாதே, இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ, அரசாங்கம் வளர்க்கும்” என்பதுதான் திட்டம். 2001இல் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும், பிறகு மற்ற இடங்களுக்கும் பரவியது.

தொட்டிலில் வந்து சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண் குழந்தைகள். “பெண்ணை விட்டுவிட்டுப் போகலாம் என்று அரசாங்கமே சொல்லிக் கொடுக்கலாமா?” என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். பெண்ணைப் பாரமாக நினைக்கிற மனசு மாறினாலொழிய நோய் தீராது. ஆனால் அந்த மனசு மாறுகிற வரையில் குழந்தை உயிரோடு இருக்க வேண்டுமல்லவா?

இந்தத் தொட்டிலுக்கு அக்கரையில் நிற்கிறவர்களைப் பற்றி ஒரு நல்ல செய்தி. நம் நாட்டில் முறைப்படித் தத்துப் போகிற குழந்தைகளில் வருஷா வருஷம் பையன்களைவிடப் பெண்களே அதிகம். வந்து சேர்கிறவர்களில் பெண்கள் அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம். பெண் குழந்தைதான் வேண்டும் என்று கேட்டுக் காத்திருக்கும் வீடுகள் பெருகியிருப்பதும் ஒரு காரணம். ஒரு வீட்டில் பாரம் என்று இறக்கி வைத்ததை இன்னொரு வீட்டில் வரம் என்று எடுத்துக் கொள்கிறார்கள்.

இரண்டு மாதம் எதற்கு?

“அப்படியானால் அந்தக் குழந்தையை உடனே தர வேண்டியதுதானே? எதற்கு இத்தனை காகிதம், இத்தனை தாமதம்?” என்று வடவள்ளி அம்மாள் கேட்டார். நீங்களும் கேட்பீர்கள்.

வளர்க்க வழியில்லாத தாய் குழந்தையை ஒப்படைக்க வேண்டுமானால் மாவட்டத்திலுள்ள குழந்தைகள் நலக் குழுவிடம் போகலாம். அவளோடு உட்கார்ந்து பேசுவார்கள். அவள் பெயரும் ஊரும் வெளியே போகாது. ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும் இரண்டு மாதம் அவகாசம் உண்டு. “என் பிள்ளையை என்னிடமே கொடுத்துவிடுங்கள்” என்று அதற்குள் அவள் திரும்பி வரலாம். பிரசவ வலி ஆறாத உடம்போடு, யாரோ மிரட்டியோ, புருஷன் கைவிட்ட கலக்கத்திலோ எடுத்த முடிவை மாற்றிக் கொள்ள அவளுக்கு ஒரு வாசல் திறந்திருக்க வேண்டாமா?

கோயில் வாசலிலோ பஸ் நிலையத்திலோ கண்டெடுத்த குழந்தையாக இருந்தால் முறை வேறு. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். பத்திரிகையின் ஒரு மூலையில், சிறிய படத்துடன், “இக்குழந்தைக்கு உரிமை கோருவோர்” என்று ஓர் அறிவிப்பு வருமே, பார்த்திருக்கிறீர்களா? தொலைந்து போன குழந்தையா, பெற்றோர் தேடிக் கொண்டிருக்கிறார்களா என்று விசாரிக்கிற ஏற்பாடு அது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையென்றால் இரண்டு மாதத்துக்குள்ளும், அதற்கு மேற்பட்டதென்றால் நான்கு மாதத்துக்குள்ளும் விசாரணையை முடிக்க வேண்டும். பிறகுதான் “இந்தக் குழந்தையைத் தத்துக் கொடுக்கத் தடையில்லை” என்று குழு அறிவிக்கும்.

ஆகவே, இந்த நாட்களை வீண் என்று எண்ண வேண்டாம். “இந்தப் பிள்ளையை யாரும் பறிகொடுத்து அழவில்லை” என்று நிச்சயமாகத் தெரிந்து கொள்வதற்கான நாட்கள் அவை. நாளைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து, “என்னை எப்படி அழைத்து வந்தீர்கள்?” என்று கேட்டால், தலை நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

இந்தக் கவனம் இலேசில் வந்துவிடவில்லை. வெளிநாடுகளுக்குக் குழந்தைகளை அனுப்புவதில் நடந்த முறைகேடுகளைப் பற்றி லக்ஷ்மி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றுக்கொண்டு 1984இல் கோர்ட் விதிமுறைகளை வகுத்துக் கொடுத்தது. 1990இல் மத்திய தத்து ஆணையம் ஏற்பட்டது. ‘காரா’ என்று சொல்கிறார்களே, அதுதான்.

நேர்வழி எது?

கணவன், மனைவி இருவரும் சேர்ந்து காராவின் இணையதளத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருஷமாவது சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் இருவரின் வயதையும் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது. குழந்தையின் வயது ஏற ஏற இந்தக் கணக்கும் தளரும். தாய் தந்தைக்கும் குழந்தைக்கும் குறைந்தது 25 வயது வித்தியாசம் இருக்க வேண்டும்.

கல்யாணமாகாத பெண்ணோ, கணவனை இழந்தவரோ, விவாகரத்துப் பெற்றவரோ தனியாகவும் தத்தெடுக்கலாம். ஆணோ பெண்ணோ, எந்தக் குழந்தையானாலும் சரி. ஆனால் தனியான ஆணுக்குப் பெண் குழந்தையைத் தருவதில்லை.

பதிவு செய்ததும் ஒரு சமூக சேவகி வீட்டுக்கு வருவார். அவர் உங்கள் வீட்டில் சோபா இருக்கிறதா, சொந்த வீடா என்று பார்க்க வருவதாக நினைத்துப் பயப்படாதீர்கள். நிலையான வருமானம், உடல்நலம், வீட்டிலுள்ளவர்களின் மனசு: இவைதான் அவருக்கு முக்கியம். பிறகு வரிசை. உங்கள் முறை வரும்போது ஒரு குழந்தையின் படமும் மருத்துவக் குறிப்பும் வரும். 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்லி, நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தையானால் அதன் சம்மதமும் வேண்டும்! முன்பு கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 2022 செப்டம்பர் முதல் மாவட்டக் கலெக்டரே தத்து ஆணை பிறப்பிக்கிறார். அதன் பிறகும் இரண்டு வருஷம் வரை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை குழந்தை எப்படி இருக்கிறது என்று வந்து பார்ப்பார்கள். செலவுக்கு விதிப்படி குறித்த கட்டணம். அதற்கு ரசீது உண்டு. ரசீதில்லாமல் ஒரு ரூபாய் கேட்டாலும் அது நேர்வழி அல்ல என்று தெரிந்து கொள்ளுங்கள்.

காத்திருப்பு நீண்டதுதான். அதை மறைத்துப் பயனில்லை. பார்லிமெண்டுக் குழு ஒன்று 2022இல் கொடுத்த அறிக்கையில், சுமார் 28 ஆயிரம் பேர் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பதாகவும், தத்துக்குத் தடையில்லை என்று அறிவிக்கப்பட்ட குழந்தைகள் 2,430 பேர்தான் என்றும், காத்திருக்கும் காலம் மூன்று வருஷம் வரை நீண்டிருப்பதாகவும் கண்டிருந்தது. விடுதிகளில் இருந்த மேலும் பல குழந்தைகளின் காகிதம் முடியவில்லை என்று அந்தக் குழு குறைபட்டுக் கொண்டது. அது நியாயமான குறை. விசாரணை வேண்டும், ஆனால் மேஜையில் தூங்கும் ஒவ்வொரு காகிதமும் ஒரு குழந்தையின் ஒரு வருஷத்தைத் தின்றுவிடுகிறது. வேகம் கூடாமலும் இல்லை: 2024-25ஆம் வருஷத்தில் 4,515 குழந்தைகளுக்குக் குடும்பம் கிடைத்திருக்கிறது.

மாமியாரின் கேள்வி

நாங்கள் பேசிக் கொண்டிருந்ததை மாமியார் பின்கட்டிலிருந்து கேட்டுக் கொண்டுதான் இருந்திருக்கிறார்! முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார்.

“எல்லாம் சரிங்க கண்ணு. அது எந்தக் கூட்டமோ, எந்தக் குலமோ! எந்தக் குலதெய்வத்துக்கு முடி எடுக்கறது? காது குத்தறப்ப எந்தத் தாய்மாமன் மடியில உக்கார வெக்கறது?”

கூட்டமும் குலதெய்வமும் கொங்கு வாழ்க்கையில் எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த முதியவளின் கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிடக் கூடாது. அவர் குழந்தையை வெறுத்துப் பேசவில்லை. அதை எங்கே உட்கார வைப்பது என்று இடம் தேடுகிறார்.

சட்டம் அதற்கு அழகான பதில் சொல்லியிருக்கிறது. தத்து ஆணை கிடைத்த நாள் முதல் அது அந்தத் தம்பதிக்குப் பிறந்த குழந்தையேதான். சொத்தில் பங்கு முதல் சொந்தபந்தம் வரை எதிலும் வித்தியாசம் இல்லை. ஆகவே, குலதெய்வம் இந்த வீட்டுக் குலதெய்வம். தாய்மாமன் இந்த அம்மாளின் அண்ணன்.

பழைய நாளில் சுவீகாரம் என்றால் ஆண்பிள்ளைக்குத்தான். கொள்ளி வைக்கவும் வம்சம் விளங்கவும் பங்காளி வீட்டுப் பையனை எடுத்துக் கொள்வார்கள். 1956ஆம் வருஷத்து இந்து தத்து, ஜீவனாம்சச் சட்டம்தான் பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்று மாற்றியது. தத்துக்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று அந்தச் சட்டமே அப்போதே சொல்லிவிட்டது. ஆனாலும் கணவனோடு வாழும் பெண் தன் பெயரில் தத்தெடுக்க அதில் இடமில்லை. கணவன் எடுப்பான், மனைவி சம்மதம் சொல்வாள். அந்தக் குறை 2010இல்தான் தீர்ந்தது. சொந்தத்துக்குள் தத்து எடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. அதற்குத் தனி முறை இருக்கிறது.

தொட்டில் வயதைத் தாண்டியவர்கள்

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கேட்பது கைக்குழந்தையை. ஆனால் இல்லங்களில் ஏழு வயதுச் சிறுமியும் ஒன்பது வயதுச் சிறுவனும் காத்திருக்கிறார்கள். அக்காளும் தம்பியுமாக, பிரிக்கக் கூடாத இரட்டையர் காத்திருக்கிறார்கள். காது கேளாத, கால் சற்று இழுத்து நடக்கிற குழந்தைகள் காத்திருக்கிறார்கள். அவர்களை ஏற்றுக் கொள்கிறவர்களில் பலர் வெளிநாட்டார் என்பதை நாம் சற்று வெட்கத்தோடுதான் சொல்ல வேண்டும். வயது ஏறிய குழந்தை ஒட்டாது என்கிறார்கள். கல்யாணமாகி வருகிற மருமகள் இருபத்தைந்து வயதில் ஒரு புது வீட்டோடு ஒட்டிக் கொள்ளவில்லையா? நாள் பிடிக்கும், பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

எந்த வயதில் வந்தாலும் உண்மையைக் குழந்தையிடம் மறைக்காதீர்கள். “நீ என் வயிற்றில் பிறக்கவில்லை, உனக்காகக் காத்திருந்து அழைத்து வந்தோம்” என்று விவரம் தெரியும் முன்பே, கதை சொல்வது போலச் சொல்லிவிடுங்கள். கல்யாண வீட்டில் எவரோ ஓர் உறவுக்காரர் வாயிலிருந்து அது வெளிவந்தால், குழந்தைக்கு வலிப்பது தத்து என்ற செய்தியைவிட, நீங்கள் மறைத்தீர்கள் என்பதுதான்.

அந்த ஒன்பது நாள் குழந்தை

“அப்ப அந்தக் கொழந்தை என்னாகறது?” என்றார் வடவள்ளி அம்மாள். எல்லாவற்றையும் கேட்ட பிறகும் அவர் மனம் அங்கேதான் நின்றது. நிற்கத்தானே செய்யும்?

“அதற்காக நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 1098க்குத் தகவல் கொடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண், காசு கிடையாது” என்றேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. அன்று மாலை கணவர் வந்ததும் இருவருமாகக் கூப்பிட்டுச் சொன்னார்களாம். பேசி முடித்துவிட்டு அந்த அம்மாள் இரவு முழுதும் அழுதாராம். கைக்கு வந்த குழந்தையைத் தானே தள்ளிவிட்டது போலிருந்தது என்றார். அந்தக் குழந்தை பிறகு எங்கே போயிற்று என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். அந்தக் குழந்தையின் ரகசியத்தையும் அதன் தாயின் ரகசியத்தையும் காப்பதுதான் முறை.

இந்தப் பொங்கலுக்கு மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். காராவில் பதிவு செய்துவிட்டார்கள். சமூக சேவகி வந்து பார்த்துவிட்டும் போய்விட்டார். மாமியாரைத் தனியாக உட்கார வைத்து, “பெண் குழந்தை வந்தால்?” என்று கேட்டாராம். “வரட்டுமுங்க. எந்தக் கொழந்தைன்னாலும் எங்க குலதெய்வத்துக்குத்தான் முடி எடுப்போம்” என்று பதில் சொன்னாராம் கிழவி! அண்ணன்காரர் தொலைபேசியிலேயே, “அத்தை, எம் மடி தயாரா இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டாராம்.

கூரைக் கொக்கியில் இன்னும் தூளி ஏறவில்லை. இன்னும் ஒன்றிரண்டு வருஷம் ஆகலாம். ஆனால் பெரியவர் தம்முடைய பழைய நூல்சேலை ஒன்றைத் துவைத்து, மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறார். துவைத்துத் துவைத்துப் பூப்போல மெத்தென்றாகிவிட்ட சேலை. தூளிக்குப் புதுத்துணி உதவாது. குழந்தையின் உடம்பை உறுத்தும்.

சகோதரிகளே, யாராவது உங்களிடம் வந்து, “ஒரு குழந்தை இருக்கிறது, இவ்வளவு கொடுத்தால் போதும்” என்று சொன்னால், அந்த வீட்டுக் கொக்கியை நினைத்துக் கொள்ளுங்கள். தொட்டில் காத்திருக்கட்டும். அதில் வந்து படுக்கும் குழந்தையை நாளை யாரும் எடுத்துக் கொண்டு போகாமல் இருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.